இறுக்கிப் பிடிக்கும் கை: மொரிஹிரோ சைட்டோ ஐகிடோவைக் கற்றுக்கொடுத்த விதம்

ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையின் பயிற்சியை முதன்முதலாகப் பார்க்கும் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஒருவர் வந்து கையைப் பிடிக்கிறார். பிடிபட்டவர் இடுப்பைக் கொஞ்சம் திருப்புகிறார். பிடித்தவர் பறந்து போய் விழுகிறார். விழுந்தவர் முகத்தில் வலியும் இல்லை, வருத்தமும் இல்லை. உருண்டு எழுந்து வந்து மறுபடி அதே கையைப் பிடிக்கிறார். இவர் நிஜமாகவே விழுந்தாரா, மரியாதைக்காக விழுந்து கொடுத்தாரா?

இது சிரித்து ஒதுக்கிவிடக்கூடிய சந்தேகம் இல்லை. ஜூடோவில் போட்டி இருக்கிறது. ஒரு எறிதலைத் தப்பாகக் கற்றிருந்தால் எதிராளி அன்றைக்கே காட்டிக் கொடுத்துவிடுவார். ஐகிடோவின் பெரும்பாலான பிரிவுகளில் போட்டியே கிடையாது. யார் தாக்குவது, எப்படித் தாக்குவது, யார் விழுவது எல்லாம் முன்பே பேசி வைத்தது. அப்படியானால் கற்றது சரியா தப்பா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? 'செய்து செய்து கற்றுக்கொள்' என்று சொல்லிவிடலாம். ஆனால் தப்பைப் பத்தாயிரம் தடவை செய்தாலும் அதுவும் பழக்கம்தான். கைப்பழக்கம் நல்லதற்கும் வரும், கெட்டதற்கும் வரும்.

ஐகிடோக்காரர்களிலேயே இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவாக, பிடிவாதமாக என்றுகூடச் சொல்லலாம், ஒரு பதில் வைத்திருந்தவர் மொரிஹிரோ சைட்டோ. ஜப்பானிய ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஐகிடோ கற்றவர். நாடு நாடாகப் போய்ப் பாடம் நடத்தியவர். ஒன்பதாம் டான் என்ற உயர்ந்த தகுதி நிலை வரை போனவர். அவருடைய பதிலை மூன்றே சொல்லில் அடக்கலாம்: பிடிப்பவன் இறுக்கிப் பிடிக்கட்டும்.

இந்தப் பதிலின் எடை புரிய, அவருக்கு முந்தைய கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐகிடோவை உருவாக்கியவர் மொரிஹெய் உவெஷிபா. 1883இல் பிறந்தவர். 1915இல் ஹொக்கைடோவில் சொகாகு தகேடாவைச் சந்தித்து, அவரிடம் டைட்டோ-ரியூ என்ற பழைய ஜுஜுட்சு முறையைக் கற்றார். 1931இல் டோக்கியோவில் கொபுகான் டோஜோவை, அதாவது பயிற்சிக்கூடத்தை, திறந்தார். அங்கே பயிற்சி இருந்த கடுமைக்கு அதை 'நரக டோஜோ' என்றே அழைத்தார்கள். ஆனால் அவர் பாடம் நடத்திய விதத்தை இன்றைய மாணவர்கள் பாடம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு நுட்பத்தைச் செய்து காட்டுவார். கால் எங்கே போனது, கை எப்படித் திரும்பியது என்று விளக்கமெல்லாம் கிடையாது. அடுத்ததற்குப் போய்விடுவார். பேச ஆரம்பித்தாலோ ஜப்பானியப் புராணத் தெய்வங்களும் ஓமோட்டோ என்ற புதிய ஜப்பானியச் சமயத்தின் சொற்களுமாக வரும். கேட்டவர்களில் பலருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்பதை அவர்களே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். வாயால் சொல்லித் தருவது அல்ல, கண்ணால் பார்த்துத் திருடிக்கொள்வது என்பதுதான் அங்கே முறை. ஜப்பானியக் கைவினைப் பட்டறைகளிலும் தொழில் கற்றது இப்படித்தான்.

சொல்லாமல் சொல்லும் குரு என்று இதை மெச்சுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. திருடத் தெரிந்த கண் ஏற்கனவே பாதி கற்றுவிட்ட கண். இரண்டாம் உலகப் போருக்கு முன் உவெஷிபாவிடம் வந்தவர்களில் பலர் ஜூடோவிலோ கெண்டோ என்ற வாள் கலையிலோ தேர்ந்தவர்கள். ஒரு தடவை காட்டினால் போதும், உடம்பு பிடித்துக்கொள்ளும். எந்தப் பின்னணியும் இல்லாமல் வருகிறவன் கதி என்ன?

1942இல் உவெஷிபா டோக்கியோவை விட்டு, அதற்கு வடகிழக்கே இபராகி மாகாணத்தில் இருக்கும் இவாமாவுக்குக் குடிபெயர்ந்தார். 'ஐகிடோ' என்ற பெயர் அதிகாரபூர்வமாக நிலைத்ததும் அந்த ஆண்டில்தான். இவாமாவில் வயல் வேலை செய்தார், ஒரு சிறு கோயில் கட்டினார், சின்ன டோஜோ ஒன்றும் எழுப்பினார். போர் முடிந்தது. நாட்டை ஆண்ட நேச நாட்டுப் படை தற்காப்புக் கலைகளுக்குத் தடை போட்டிருந்தது. சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. அந்தச் சமயத்தில், 1946 கோடைக்காலத்தில், பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் வந்து கதவைத் தட்டினான். அவன்தான் சைட்டோ. கெண்டோவும் கராத்தேயும் கொஞ்சம் கற்றிருந்தான்.

சைட்டோவின் ரயில்வே வேலை ஒரு நாள் முழுக்கப் பணி, மறுநாள் முழுக்க ஓய்வு என்ற முறையில் அமைந்திருந்தது. எங்கள் ஊரில் இதைக் கேட்டால் 'தூங்கத்தான் சரியாக இருக்கும்' என்பார்கள். சைட்டோ அந்த ஓய்வு நாளை ஆசிரியருக்குக் கொடுத்தார். அங்கே பயிற்சி என்றால் பயிற்சி மட்டும் இல்லை, ஆசிரியரின் வயலில் வேலையும் சேர்த்துத்தான். கூட இருந்தவர்கள் பிழைப்பு, கல்யாணம் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஓய்வு நாட்களின் காலை வேளையில் கிழவருக்கு எதிரே மரவாளோடும் கம்போடும் நிற்க ஆள் வேண்டும் என்றால் சைட்டோதான் இருந்தார். வாளை கென் என்பார்கள், கம்பை ஜோ என்பார்கள். உவெஷிபா கொடுத்த நிலத்திலேயே வீடு கட்டிக்கொண்டார். அவர் மனைவியும் அந்த முதிய தம்பதியைக் கவனித்துக்கொண்டார். 1969இல் உவெஷிபா இறக்கும்வரை, 23 வருடங்கள் இப்படிப் போயின. அதன் பிறகு டோஜோவின் பொறுப்பும் கோயிலின் பொறுப்பும் அவரிடம் வந்தன.

டோக்கியோவில் காட்டிவிட்டுப் போன அதே மனிதர், இவாமாவில் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார் என்பது சைட்டோவின் கூற்று. மற்ற மாணவர்கள் எல்லாரும் இதை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் காரணம் ஊகிக்க முடியாதது இல்லை. நாலைந்து பேர், தினமும் அதே முகங்கள், அவசரமில்லாத ஊர். காட்டுவதற்கும் கற்பிப்பதற்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் நேரம்தான்.

சரி, சைட்டோவின் வகுப்பு எப்படி நடக்கும்? எடுத்தவுடன் டாய்-நோ-ஹென்கோ. எதிரில் இருப்பவர் உங்கள் ஒரு மணிக்கட்டைப் பிடிக்கிறார். நீங்கள் இடுப்பைத் திருப்பி, அவர் பக்கவாட்டில் போய், அவர் பார்க்கும் திசையையே பார்த்தபடி நிற்கிறீர்கள். அவ்வளவுதான். எறிதல் இல்லை, வீழ்த்தல் இல்லை. அடுத்து, ஒரு கையை எதிராளி இரண்டு கையாலும் பிடிக்க, மூச்சையும் இடுப்பையும் சேர்த்து அவரைச் சாய்க்கும் பயிற்சி. பிறகு அன்றைய நுட்பங்கள். கடைசியில் முட்டி போட்டு உட்கார்ந்தபடி செய்யும் கொக்யூ-ஹோ. முதல் நாள் வந்தவனுக்கும் இதுதான் தொடக்கம், இருபது வருடம் ஆனவருக்கும் இதுதான். கச்சேரி பண்ணுகிற வித்வான் விடிகாலையில் சரளி வரிசை பாடிச் சாதகம் செய்வது மாதிரி.

இந்த முதல் பயிற்சியைப் பிடிக்கிறவர் தளர்வாகப் பிடித்துச் செய்து பாருங்கள். நடனம் மாதிரி அழகாக வரும். இறுக்கிப் பிடித்தால் கதையே வேறு. புதியவர் செய்கிற முதல் வேலை தோளைத் தூக்கி இழுப்பது. மணிக்கட்டு அசையாது. பிடித்திருக்கும் கை எந்த இடத்தில் பலமாக இருக்கிறதோ, அதே இடத்தில் போய் முட்டுவது நம் எல்லாருடைய இயல்பு. இரண்டு மூன்று தடவை முட்டிய பிறகு பலம் பிரயோசனம் இல்லை என்று தோள் தெரிந்துகொள்கிறது. இந்தப் பாடத்தை வாய் வழியாகச் சொல்லவே முடியாது. 'தோளைத் தளர்த்து' என்று ஆசிரியர் நூறு தடவை சொல்லலாம், தோள் கேட்காது. பிடிபட்ட கையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, உடம்பை அதைச் சுற்றி நகர்த்தும்போது, பிடித்தவரின் முழங்கையோ தோளோ தானாக வழி விடுவது தெரியும். அந்தக் கணம் கையில் உறைக்கும். அப்புறம் அதை மறக்க முடியாது.

இதற்கு இவாமாவில் கடாய் கெய்கோ என்று பெயர். கடினமான பயிற்சி, கெட்டிப் பயிற்சி என்று வைத்துக்கொள்ளலாம். நுட்பத்தின் வளர்ச்சியைச் சைட்டோ திட நிலை, மென்மையான நிலை, ஓடும் நிலை என்று படிகளாகப் பிரித்தார். எதிராளி வந்து சேரும் முன்பே நகர்ந்து, அவர் வேகத்தோடு கலந்துவிடும் கி-நோ-நகாரே பயிற்சி பிறகுதான். மேடை நிகழ்ச்சிகளில் நாம் பார்த்து வியப்பது அந்த ஓட்டத்தைத்தான். எல்லாருக்கும் நேராக அங்கே போகத்தான் ஆசை. அடித்தளம் கெட்டிப்படாமல் ஓடப் பழகியவன், எதிராளி ஒத்துழைக்கும் வரைதான் ஓடுவான் என்பது சைட்டோவின் நிலை. நகரக் கற்பதற்கு முதலில் நின்று கற்க வேண்டும். கேட்க முரணாக இருக்கிறது. ஆனால் சைக்கிள் பழகும் பிள்ளையைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும்: வேகம் பிழையை மறைத்துவிடும், மெதுவாக மிதிக்கும்போதுதான் தள்ளாட்டம் வெளியே வரும்.

இங்கே பிடிப்பவரைப் பற்றி ஒரு வார்த்தை. அவரை உகே என்பார்கள். பெறுபவர், வாங்கிக்கொள்பவர் என்று அர்த்தம். தாக்குவதும் அவர்தான், கடைசியில் விழுவதும் அவர்தான். ஜப்பானின் பழைய வாள் பள்ளிகளில் இருவர் சேர்ந்து செய்யும் கதா என்ற பயிற்சி உண்டு, முன்பே வகுத்து வைத்த அசைவுகளின் வரிசை. அதில் தோற்கும் பாத்திரத்தை எடுப்பது மூத்தவர். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் யோசித்தால் சரிதான். எந்த வேகத்தில் வர வேண்டும், எந்த இடைவெளியில் நிற்க வேண்டும், எந்தக் கணத்தில் இளையவனுக்கு வாய்ப்பைத் திறந்துவிட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவர்தான் தாக்க முடியும். வெற்றி சிறுவனுடையது, பாடம் நடத்துவது தோற்கிறவர்.

ஐகிடோ இந்த ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு ஒரு மாற்றம் செய்தது. பாத்திரங்கள் மாறிக்கொண்டே இருக்கும். வழக்கமாக நாலு தடவை நீங்கள் எறிவீர்கள்: வலம் ஒன்று, இடம் ஒன்று, முன்பக்கமாக நுழைவது, பின்பக்கமாகத் திரும்புவது. பிறகு நாலு தடவை நீங்கள் விழுவீர்கள். அதாவது வகுப்பு நேரத்தில் சரிபாதி நேரம் ஒவ்வொருவரும் ஆசிரியர் வேலை பார்க்கிறார்கள், அதுவும் வாய் திறக்காமல். முன்னால் நிற்கும் சென்செய், அதாவது ஆசிரியர், காட்டுவது வகுப்பின் சின்னப் பகுதி. மிச்சம் முழுக்கப் பக்கத்தில் இருப்பவரின் மணிக்கட்டு வழியாக நடக்கிறது. விழக் கற்பதையும் இதில் சேர்க்க வேண்டும். உகேமி என்கிற உருளல் வராதவன் பயத்தில் விறைத்துக்கொள்வான். விறைத்தவனால் நேர்மையாகப் பிடிக்கவும் முடியாது. அதனால்தான் பல டோஜோக்களில் ஆரம்ப மாதங்கள் உருள்வதிலேயே கழிகின்றன.

ஜோடி மாறும்போது இன்னொன்று நடக்கிறது. ஒருவர் உயரம், ஒருவர் குட்டை. ஒருவர் கை இரும்பு, ஒருவர் கை ஈரத்துணி. இரண்டு பேரிடம் ஒரே நுட்பத்தை ஒரே மாதிரி செய்ய முடியாது. 1920களில் மாஸ்கோவில் நிகோலாய் பெர்ன்ஸ்டைன் என்ற உடலியக்க ஆய்வாளர், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளிகளை வரிசையாகப் படம் பிடித்து அளந்து பார்த்தார். கைதேர்ந்தவரின் சுத்தியல் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விதமாக நகர்ந்திருந்தன. திறமை என்பது ஒரே அசைவைத் திரும்பச் செய்வது இல்லை, ஒரே சிக்கலைத் திரும்பத் திரும்பத் தீர்ப்பது என்று அவர் முடிவுக்கு வந்தார். 'திரும்பச் செய்யாமல் திரும்பச் செய்தல்' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார். டோஜோவில் ஜோடி மாற்றுவது இந்த வேலையைத்தான் செய்கிறது. நுட்பத்தின் பெயர் ஒன்றுதான்; கைக்குள் வரும் கணக்கு தினமும் புதிது.

ஆனால் இறுக்கிப் பிடிப்பதிலும் பொய் இருக்கிறது. இந்தப் பக்கத்தைப் பற்றி இவாமா வழியினர் கொஞ்சம் குறைவாகவே பேசுவார்கள். என்ன நுட்பம் வரப்போகிறது என்று உகேவுக்கு முன்பே தெரியும். தெரிந்தவன் நினைத்தால் எதையும் தடுத்துவிடலாம். கையைப் பிடித்த பிறகு, எதிராளி இடுப்பைத் திருப்பும் முன்பே அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டால் போதும், எந்த மாஸ்டருடைய நுட்பமும் நின்றுபோகும். அது பலமும் இல்லை, நேர்மையும் இல்லை. விடைத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவது. நல்ல உகே ஒரு நோக்கத்தோடு, ஒரு திசையில், முழுப் பலத்தோடு பிடிக்கிறார். பாதியில் திசையை மாற்றிக்கொள்வதில்லை. சாய்ந்து கொடுப்பதும் பொய், முரண்டு பிடிப்பதும் பொய். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த நேர்மையான பிடியைக் கற்கவே பல வருடங்கள் ஆகும். எறியக் கற்பதைவிட இது கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உவெஷிபா காட்டிய வாள், கம்பு அசைவுகளை எண்ணி, பெயர் வைத்து, வரிசைப்படுத்தியது சைட்டோவின் இன்னொரு பெரிய வேலை. ஜோவில் 20 தனி அசைவுகள், கென்னில் 7. 13 அசைவுகள் கொண்ட ஒரு ஜோ வரிசை, 31 அசைவுகள் கொண்ட இன்னொன்று. இருவர் சேர்ந்து செய்யும் வாள், கம்புப் பயிற்சிகள் தனி. வெறுங்கை நுட்பம், வாள், கம்பு மூன்றிலும் ஓடுவது ஒரே நூல் என்பதைக் காட்டவே இந்த வரிசைகள். காற்று மாதிரி வந்து போனதை எண்ணிக்கைக்குள் அடைத்துவிட்டார் என்று குறை சொன்னவர்கள் உண்டு. அடைத்தார் என்பது உண்மைதான். அடைக்காமல் இருந்திருந்தால், உவெஷிபாவை நேரில் பார்க்காத வெளிநாட்டு மாணவருக்கு அதில் எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் மறந்த இடம் எது என்றாவது தெரியும்.

பயிற்சிக்கு ஜப்பானியர்கள் சொல்லும் சொல் கெய்கோ. அதை எழுதும் இரண்டு எழுத்துகளைப் பிரித்தால் 'பழையதை எண்ணிப் பார்த்தல்' என்று வரும். வியர்வை சிந்துவதைக் குறிக்கும் சொல்லுக்குள் எண்ணிப் பார்ப்பது எப்படி வந்தது? ஒவ்வொரு அசைவையும் முன்னோர் செய்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதால். சைட்டோ விஷயத்தில் இது உருவகம் மட்டும் இல்லை, நேரடியாகவே நடந்தது. 1938இல் உவெஷிபா 'புதோ' என்ற பெயரில் ஒரு பயிற்சி நூல் வெளியிட்டிருந்தார். அவரே நுட்பங்களைச் செய்து காட்டும் புகைப்படங்களோடு. சிலர் கைக்கு மட்டுமே போன நூல், பிறகு மறந்துபோயிற்று. ஐகிடோ வரலாற்றைத் துருவிக்கொண்டிருந்த ஸ்டான்லி பிரானின் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், 1981இல் போருக்கு முந்தைய மாணவர் ஒருவரைப் பேட்டி காணப் போன இடத்தில் அதைக் கண்டெடுத்தார். சைட்டோவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அதுவரை சைட்டோ அந்த நூலைப் பார்த்ததே இல்லை. தான் போருக்குப் பிந்தைய இவாமாவில் கற்றதும் அந்தப் படங்களில் இருந்ததும் பெருமளவு ஒத்துப்போவதைக் கண்டு அவருக்கு ஒரே பூரிப்பு. அதற்குப் பிறகு வகுப்புகளில் நூலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். ஒரு நுட்பத்தைச் செய்து காட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டி, பார், கால் இங்கேதான் இருக்கிறது என்று காட்டுவார்.

இதில் கொஞ்சம் வாதாடும் தொனியும் இருந்தது என்பதை மறைக்க வேண்டாம். போருக்குப் பிறகு டோக்கியோ தலைமையகத்தில் உவெஷிபாவின் மகன் கிஷோமாரு ஐகிடோவை எளிமைப்படுத்தி, வட்ட அசைவுகளும் ஓட்டமும் கூடிய வடிவில் பரப்பிக்கொண்டிருந்தார். ஐகிடோ உலகம் முழுக்கப் போனதற்கு அந்த வடிவம்தான் முக்கியக் காரணம். சைட்டோ அந்த அமைப்புக்குள்ளேயே இருந்துகொண்டு, அசல் இதுதான் என்று படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். புகைப்படத்தை ஆதாரமாகக் காட்டுவதில் ஒரு வசதி இருக்கிறது, ஒரு பலவீனமும் இருக்கிறது. 1938இல் நிறுத்திப் பிடித்த ஒரு கணம், 1960களில் அதே மனிதர் எப்படி நகர்ந்தார் என்பதற்குச் சாட்சி ஆகாது. உவெஷிபா வாழ்நாள் முழுக்க மாறிக்கொண்டே இருந்தவர்.

போட்டி இல்லாத குறையைத் தீர்க்க வேறு வழி தேடியவரும் உண்டு. கென்ஜி டோமிகி, ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவின் மாணவர், 1926 முதல் உவெஷிபாவிடமும் கற்றவர். வசேடா பல்கலைக்கழகத்தில் அவர் ஐகிடோவுக்கென்று போட்டி முறையையே வகுத்தார். எதிராளி தோற்க மறுக்கும்போதுதான் உண்மை தெரியும் என்பது அவர் வாதம். உவெஷிபா கடைசிவரை அதற்கு உடன்படவில்லை. டோமிகியின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவைத்த பிடியை எவ்வளவு இறுக்கினாலும், எதிர்பாராத தாக்குதலை அது கற்றுத்தராது. சைட்டோவின் முறை அதைச் சொல்லித்தருவதாக நினைத்து அதைக் குறை சொல்வது வீண். அது சோதிப்பது வேறு ஒன்றை: முழுப் பலம் உங்கள் மேல் இருக்கும்போது உங்கள் உடம்பு ஒழுங்காக அமைந்திருக்கிறதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் வேண்டுமென்றால், வெற்றி தோல்வி பதற்றம் இல்லாத அந்த மெதுவான பிடிதான் சரியான கருவி. போட்டியில் பிழை தெரியும். ஆனால் எங்கே பிழை என்று நின்று பார்க்க நேரம் இருக்காது.

சைட்டோ 2002 மே மாதத்தில் இறந்தார். இரண்டு வருடம் கழித்து அவர் மகன் தலைமையகத்திலிருந்து பிரிந்து சொந்த அமைப்பைத் தொடங்கினார். அவர் தந்தையிடம் படித்த மூத்த மாணவர்களில் ஒரு பகுதியினர் அவரோடு போனார்கள், மற்றவர்கள் பழைய அமைப்பிலேயே இருந்துவிட்டார்கள். இவாமா என்ற ஊரும் 2006இல் கசாமா நகரத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. பிரிந்து போனவர்கள், இருந்துவிட்டவர்கள் என்ற இரண்டு தரப்பும் எந்தப் பாதம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று இன்றைக்கும் வாதாடிக்கொண்டுதான் இருக்கின்றன. சைட்டோவின் வழியில் நடக்கும் டோஜோக்களில் வகுப்பு தொடங்குவது மட்டும் அதே டாய்-நோ-ஹென்கோவில்தான். வணக்கம் சொல்லி முடித்ததும் இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் கையை நீட்டுகிறார். மற்றவர் அதை இறுக்கிப் பிடிக்கிறார்.